சூரை மீன் எதைத் தின்றது? மலையில் இருந்தபடியே ஐசோடோப்பு ஆய்வு செய்ய ஒரு முழு வழிகாட்டி

ஊட்டி மார்க்கெட்டுக்குச் சூரை வருகிற நாட்களில் நான் காலை ஏழு மணிக்கே போய் நின்றுவிடுவேன். மீன்கார பாய் பெரிய சூரையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே இரண்டு நிறம் தெரியும். பெரும்பகுதி வெளிர்சிவப்புச் சதை. நடுமுள்ளை ஒட்டி, ஈரல் போலக் கறுத்த இன்னொரு சதை. வாங்க வருகிறவர்கள் கறுப்பை ஒதுக்கச் சொல்வார்கள். எனக்கு வேண்டியது வெளிர் சதையில் ஒரு நெல்லிக்காய் அளவு. அந்த மீன் கடந்த பல மாதங்களாக எந்த மாதிரிக் கடலில் திரிந்தது, எதைத் தின்று வளர்ந்தது என்ற கணக்கு அந்தத் துண்டுக்குள் இருக்கிறது.

நீலகிரியில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் பலர், கடல் ஆய்வு என்றால் கரையில் பிறந்தவர்களுக்குத்தான் என்று நினைக்கிறார்கள். ஐசோடோப்பு ஆய்வில் முக்கால்வாசி வேலை உலர்த்துவதும் பொடிப்பதும் நிறுப்பதும் கணக்குப் போடுவதும்தான். அதை 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். நான் செய்துகொண்டிருக்கிறேன். தெரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஐசோடோப்பு, நம் ஊர்க் கணக்கில்

ஒரே தனிமத்தில் எடை மட்டும் வேறுபடும் அணுக்கள்தான் ஐசோடோப்புகள். கார்பனில் 98.9 சதவீதம் எடை 12, மீதி 1.1 சதவீதம் எடை 13. நைட்ரஜனில் 99.6 சதவீதத்துக்கு மேல் எடை 14, மிகச் சிறு பகுதி எடை 15. இவை கதிர்வீச்சு இல்லாதவை, காலத்தால் அழியாதவை. அதனால்தான் நிலையான ஐசோடோப்பு என்கிறோம்.

சோலை மரமும் தேயிலையும் நெல்லும் ஒரு வகையில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. கேழ்வரகு, சாமை, கரும்பு, மக்காச்சோளம், மாடு மேய்கிற கிக்குயு புல் எல்லாம் இன்னொரு வகை. முதல் கூட்டத்தில் கார்பன்-13 அளவு சராசரியாக −27 சுற்றி இருக்கும், இரண்டாவது கூட்டத்தில் −13 சுற்றி (இந்த எண்களின் பொருளைச் சற்றுக் கீழே சொல்கிறேன்). கிக்குயு புல்லே தின்ற மாட்டின் பாலையும், வைக்கோலும் இலைதழையும் தின்ற மாட்டின் பாலையும் கருவியில் போட்டால் எது எது என்று சொல்லிவிடலாம். இதே அடிப்படையில்தான் சுகுமார், ரமேஷ் முதலான ஆய்வாளர்கள் நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்து கறுத்த பீட் மண்ணை எடுத்து, கடந்த 20,000 ஆண்டுகளில் இந்த இரண்டு கூட்டமும் எப்படிக் கூடிக் குறைந்தன என்று 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இந்த முறை நம் மலைக்குப் புதிதல்ல. நாம் அதைக் கடலுக்குத் திருப்பப் போகிறோம், அவ்வளவுதான்.

மேலே சொன்ன −27, −13 என்பவை டெல்டா அளவுகள். மாதிரியில் உள்ள கன ஐசோடோப்பு–லேசு ஐசோடோப்பு விகிதத்தை ஒரு பொது அளவுகோலின் விகிதத்தால் வகுத்து, 1 கழித்து, 1000-ஆல் பெருக்கினால் வருவது டெல்டா. அலகு பர் மில், அதாவது ஆயிரத்துக்கு இவ்வளவு. கார்பனுக்கு அளவுகோல் வியன்னா பீடீ பெலம்னைட், ஒரு தொல்லுயிர்ச் சுண்ணாம்பை ஒட்டி வகுத்தது. நைட்ரஜனுக்கு நாம் மூச்சு விடுகிற காற்று.

கடலில் இந்த இரண்டும் இரண்டு கேள்விக்குப் பதில் தரும். ஒரு விலங்கு இன்னொன்றைத் தின்னும்போது லேசான நைட்ரஜன் கழிவில் கூடுதலாகப் போய்விடுகிறது, கனமானது உடம்பில் தங்குகிறது. அதனால் உணவுப் படி (பாசி முதல் படி, அதைத் தின்பது இரண்டாவது, அதையும் தின்பது மூன்றாவது) ஏற ஏற நைட்ரஜன்-15 கூடும். கார்பன்-13 ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம்தான் கூடும். ஆகவே அது இரை எந்த வகைக் கடற்பரப்பிலிருந்து வந்தது, கரையோரமா ஆழ்கடலா என்பதைக் காட்டும்.

கேள்வியைச் சின்னதாக வையுங்கள்

"சூரை கடல் உணவு வலையில் எங்கே இருக்கிறது" என்று தொடங்கினால் முடிக்க முடியாது. "40 சென்டிமீட்டர் மீனும் 90 சென்டிமீட்டர் மீனும் ஒரே படியில் இருக்கின்றனவா" என்று கேளுங்கள். ஹவாய்த் தீவுகளைச் சுற்றி மஞ்சள்துடுப்புச் சூரைகளை ஆராய்ந்தவர்கள் சுமார் 45 சென்டிமீட்டர் நீளத்தில் நைட்ரஜன்-15 சட்டென்று ஏறுவதைக் கண்டார்கள். அந்த அளவு வளர்ந்த பிறகு மீனால் ஆழத்தில் இறங்கி வேட்டையாட முடிகிறது, இரை மாறுகிறது. சூரை தன் நீச்சல் தசையைக் கடல் நீரைவிடச் சூடாக வைத்துக்கொள்ளக்கூடிய மீன். உடம்பு பெருக்கப் பெருக்க அந்தச் சூடு நிலைக்கும், குளிர்ந்த ஆழம் அதற்குத் திறந்துகொள்ளும். ஒரு கேள்விக்குப் பின்னால் இப்படி ஒரு உடலியல் காரணம் இருந்தால் ஆய்வு நிற்கும்.

மீனை வாங்குவது

சந்தையில் சூரை என்று சொன்னால் நான்கைந்து மீன்கள் வரும். மஞ்சள்துடுப்பு, வரிச்சூரை, பெருங்கண் சூரை, கரையோரம் பிடிபடும் சின்னச் சூரைகள். மலையாளத்துக்காரர்கள் மஞ்சள்துடுப்பைக் கேர என்பார்கள். துண்டாக்கிய பிறகு இனம் கண்டுபிடிப்பது கடினம். முழு மீனாக இருக்கும்போதே துடுப்பு, வயிற்று வரி, முதுகு எல்லாம் தெரிய ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை நீளம் அளந்து எழுதுங்கள்.

அப்புறம் இந்தக் கேள்வி. நான் ஒருநாள் கேட்டது இப்படி:

"பாய், இது எந்தக் கரை?"

"பேப்பூர் வண்டி டீச்சர். நாடுகாணி வழியா ராத்திரி ஏறுச்சு."

"எறக்குனது பேப்பூர், சரி. புடிச்சது எங்க?"

"அது போட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும்."

இதுதான் இந்த ஆய்வில் உள்ள மிகப் பெரிய சிக்கல். பாய் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். எங்கே பிடித்தது என்று தெரியாத மீனை வைத்து வெட்டவும் உலர்த்தவும் நிறுக்கவும் பழகலாம். முடிவு எழுத முடியாது. காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். உண்மையான ஆய்வுக்குத் தூத்துக்குடி, கொச்சி, குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கம் போய், ஆழ்கடல் போகிற படகுக்காரர்களிடம் இடமும் தேதியும் வாங்கி மாதிரி எடுக்க வேண்டும். ஜிபிஎஸ் வைத்திருப்பார்கள். மரியாதையாக, எதற்கு என்று விளக்கிக் கேட்டால் சொல்வார்கள்.

எத்தனை மீன்? ஒவ்வொரு அளவு வகுப்பிலும் பத்துப் பதினைந்தாவது வேண்டும். ஐந்து மீனை வைத்து இனத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

எந்தச் சதை

முதல் முதுகுத் துடுப்புக்குக் கீழே, தோலை உரித்து, வெளிர் சதையில் ஐந்து முதல் பத்து கிராம். எல்லா மீனிலும் அதே இடம். கறுத்த சதையைக் கலக்காதீர்கள். அதில் கொழுப்பும் இரத்தமும் அதிகம், வேதியியலே வேறு.

ஈரலும் கிடைத்தால் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரல் சீக்கிரம் புதுப்பிக்கப்படும், தசை மெதுவாக. தொட்டியில் வளர்த்த பசிபிக் நீலத்துடுப்புச் சூரைகளில் பாதி நைட்ரஜன் மாற, தசையில் 167 நாளும் ஈரலில் 86 நாளும் ஆனது. கார்பனுக்கு முறையே 255 நாளும் 162 நாளும். இதன் பொருள், கடல் மாறி ஆறு மாதம் ஆன மீனின் தசையில் பழைய கடலின் கணக்கு இன்னும் பாதி இருக்கும். ஈரலும் தசையும் வேறு வேறு கதை சொன்னால் அந்த மீன் அண்மையில் இடமோ இரையோ மாற்றியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

வயிற்றையும் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் காலியாக இருந்தாலும் மனம் தளர வேண்டாம். இந்தியப் பெருங்கடல் சூரைகளின் வயிற்றில் கணவாய், நீந்தும் நண்டு, சிறு மீன்கள் கிடைப்பது வழக்கம். கணவாயின் அலகு மட்டும் செரிக்காமல் நாள்கணக்கில் தங்கும். அதை எண்ணிக் கணவாய்தான் முக்கிய இரை என்று முடிவு கட்டிவிடக்கூடாது. வயிறு நேற்றைய சாப்பாட்டைச் சொல்லும், தசை போன ஆண்டைச் சொல்லும். இரண்டும் வேண்டும்.

உறைய வைப்பது, உலர்த்துவது: மஞ்சோடு ஒரு போராட்டம்

ஃபார்மலினிலோ ஆல்கஹாலிலோ போடாதீர்கள். இரண்டும் கார்பன் அளவை நகர்த்திவிடும். ஐஸில் கொண்டுவந்து −20 டிகிரியில் உறைய வையுங்கள்.

என் முதல் தொகுதி மாதிரி ஒரு ஜூலை மழையில் வீணானது. மரம் விழுந்து கோத்தகிரியில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஃப்ரீசரைத் திறந்தபோது 30 பொட்டலமும் உருகி, நீர் விட்டு, வாடை வந்துவிட்டது. அழுகத் தொடங்கிய சதையில் பாக்டீரியா தன் கணக்கைச் சேர்த்துவிடும். அதனால் அத்தனையையும் கொட்டினேன். அதற்குப் பிறகு மாதிரி வந்த அன்றே பாதியை உலர்த்தி எடுத்துவிடுகிறேன். மழைக்காலத்தில் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உறைந்த நிலையிலேயே நீரை இழுத்துவிடும் ஃப்ரீஸ் டிரையர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சாதாரண ஆய்வக அடுப்பில் 60 டிகிரி, 48 மணி நேரம். சதையைச் சின்னத் துண்டுகளாக்கி, கழுவி உலர்த்திய கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். எடை போட்டு, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி போட்டு, மாறவில்லை என்றால் உலர்ந்துவிட்டது. பத்து கிராம் சதையில் இரண்டரை கிராம் மிஞ்சும். மீதி தண்ணீர். பிறகு கல்லுரலில் மாவுபோல அரையுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறப்பே இருக்கக்கூடாது. ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவே உரலை அசிடோனால் துடைத்து உலர விடுங்கள்.

இனிதான் மலையின் வேலை. மஞ்சு இறங்கிய நாளில் உலர்ந்த பொடியை மைக்ரோ தராசில் வைத்துப் பாருங்கள். கடைசி இலக்கம் நிற்கவே நிற்காது, கண்ணெதிரே ஏறிக்கொண்டே போகும். பொடி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. இந்த ஈரம் டெல்டா அளவை மாற்றாது, ஆனால் கார்பன் எத்தனை சதவீதம், நைட்ரஜன் எத்தனை சதவீதம் என்ற கணக்கைக் கெடுக்கும். வாரக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை வரும், அப்போது டெல்டாவும் போய்விடும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டருக்குள் (ஈரம் புகாமல் மூடும் பாத்திரம்) பொடியை வையுங்கள். நீலம் வெளுத்து இளஞ்சிவப்பானதும் ஜெல்லைச் சூடாக்கி மறுபடி நீலமாக்குங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். நிறுப்பதை வெயில் அடிக்கிற முற்பகலுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரிதான் இதற்கு நல்ல மாதங்கள்.

கொழுப்பு

கொழுப்பில் கார்பன்-13 புரதத்தைவிட வெகுவாகக் குறைவு. நல்ல தீனி கிடைத்துக் கொழுத்த மீன், அந்த ஒரே காரணத்தால், வேறு கடலில் வாழ்ந்ததுபோலத் தோன்றிவிடும். கருவி தரும் கார்பன்–நைட்ரஜன் எடை விகிதத்தை முதலில் பாருங்கள். 3.5-க்குக் கீழே இருந்தால் கொழுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். மேலே போனால் இரண்டு வழி.

ஒன்று, குளோரோஃபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு கலந்து கொழுப்பைக் கரைத்து எடுப்பது. புகைபோக்கி அலமாரிக்குள் மட்டும், கையுறையோடு. இப்படிச் செய்தால் நைட்ரஜன் அளவு கொஞ்சம் நகரும். எனவே பொடியை இரண்டாகப் பிரித்து, நைட்ரஜனுக்குக் கழுவாததையும் கார்பனுக்குக் கழுவியதையும் அனுப்புங்கள். செலவு இரட்டிப்பாகும்.

இன்னொன்று கணக்கால் திருத்துவது. நீர்வாழ் விலங்குகளுக்குப் பரவலாகப் பயன்படும் சமன்பாடு: திருத்திய அளவு = அளந்தது − 3.32 + (0.99 × கார்பன்–நைட்ரஜன் விகிதம்). விகிதம் 4.5, அளந்தது −18.0 என்றால் திருத்தியது ஏறக்குறைய −16.9. எதைச் செய்தாலும் எல்லா மாதிரிக்கும் ஒரே முறை. கலந்து செய்தால் பிறகு பிரிக்க முடியாது.

நிறுப்பது

அரை மில்லிகிராம் முதல் ஒரு மில்லிகிராம் வரை பொடியைத் தகரக் காப்ஸ்யூலில் போட்டு, இடுக்கியால் வாயை மடித்து மடித்து, மிளகு போல உருட்ட வேண்டும். ஓரம் நீட்டிக்கொண்டிருந்தால் கருவியில் சிக்கும். உருட்டிய பிறகு கறுப்புக் காகிதத்தின்மேல் ஒருமுறை தட்டிப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் காப்ஸ்யூல் கிழிந்திருக்கிறது, எறிந்துவிட்டு மறுபடி நிறுங்கள். 96 குழித் தட்டில் வரிசையாக வைத்து, எந்தக் குழியில் எந்த மீன் என்று கையால் ஒரு தாளிலும் கணினியிலும் எழுதுங்கள். என் மாணவி ஒருத்தி 40 காப்ஸ்யூல் நிறுத்து முடித்த பிறகு தட்டைத் திருப்பி வைத்துவிட்டாள். தாள் இருந்ததால் தப்பித்தோம்.

கருவி

இது மலையில் இல்லை, அனுப்பித்தான் ஆக வேண்டும். கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடம், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் ஐசோடோப்பு விகித நிறைமாலைமானி இருக்கிறது. உள்ளே நடப்பது எளிது. காப்ஸ்யூல் சுமார் 1,000 டிகிரியில் எரிகிறது, கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜன் வாயுவும் பிரிகின்றன, காந்தப்புலத்தில் கனமானதும் லேசானதும் வேறு வேறு பாதையில் வளைகின்றன.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: ஒவ்வொரு பத்துப் பன்னிரண்டு மாதிரிக்கும் நடுவே வைத்த தர மாதிரியின் (டெல்டா முன்பே தெரிந்த பொடி) அளவுகள், எந்தச் சர்வதேசத் தர மாதிரியோடு ஒப்பிட்டார்கள், ஒரே பொடியைத் திரும்பத் திரும்ப அளந்தபோது வந்த வேறுபாடு. அந்த வேறுபாடு 0.2 பர் மில்லுக்குள் இருக்க வேண்டும். பத்தில் ஒரு மாதிரியை இரண்டு காப்ஸ்யூலாக, வேறு பெயரில் அனுப்புங்கள். உங்கள் அரைப்பு எவ்வளவு சீராக இருந்தது என்று தெரிந்துவிடும்.

அடிமட்டம்: இங்கேதான் ஆய்வு நிற்கும் அல்லது விழும்

உணவுப் படி = 2 + (சூரையின் நைட்ரஜன்-15 − அடிமட்ட விலங்கின் நைட்ரஜன்-15) ÷ ஒரு படிக்கான ஏற்றம். அடிமட்டமாக இரண்டாம் படியில் உள்ள, பாசியைத் தின்னும் மிதவை உயிரிகளை எடுக்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். விளக்கத்துக்காக எடுத்த எண்கள்தான் இவை. சூரை 12.8, மிதவை உயிரி 6.0, ஒரு படிக்கு 3.4. விடை சரியாக 4. பெரிய வேட்டை மீனுக்குப் பொருந்துகிற எண். இப்போது அதே சூரையை அரபிக்கடல் மீன் என்று வைத்து, அடிமட்டத்தை 9.0 ஆக்குங்கள். விடை 3.1. மீன் மாறவில்லை, சதை மாறவில்லை, கடல் மட்டும் மாறியது. ஏறக்குறைய ஒரு முழுப் படி காணாமல் போய்விட்டது.

அரபிக்கடலை ஏன் சொன்னேன்? அங்கே நடு ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு பெரிய நீரடுக்கு இருக்கிறது. அதில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை மூச்சுக்குப் பயன்படுத்தி நைட்ரஜன் வாயுவாக விடுகின்றன. லேசான நைட்ரஜனை முதலில் எடுத்துக்கொள்வதால் மிச்சமிருக்கும் நைட்ரேட் கனமாகிறது. அது மேலே வந்து பாசியாகி, மிதவையாகி, கணவாயாகி, சூரை வரை ஏறுகிறது. வங்கக் கடலில் இந்த வேலை அந்த அளவுக்கு நடப்பதில்லை. காற்றின் நைட்ரஜனைப் பிடித்து வாழும் நுண்ணுயிர்கள் மிகுந்த பகுதிகளில் அடிமட்டம் பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கும். "புடிச்சது எங்க" என்று நான் பாயிடம் வற்புறுத்தியது இதற்காகத்தான். இடம் தெரியாத 12.8 வெறும் எண்.

ஒரு படிக்கான ஏற்றமும் கேள்விக்குரியதே. 3.4 என்பது பல உயிர்களின் சராசரி. தொட்டியில் வளர்த்த நீலத்துடுப்புச் சூரையின் தசையில் அது 1.9 தான். 1.9 போட்டால் மேலே உள்ள முதல் கணக்கு 5.6 என்று வரும். என் கருத்தில், ஒரே எண்ணைப் போட்டு ஒரே விடை எழுதுவது நேர்மையாகாது. இரண்டையும் போட்டு இரண்டு விடையையும் அட்டவணையில் காட்டுங்கள். மீன்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது வரிசை பெரும்பாலும் மாறாது, அதை நம்பலாம்.

மிதவை உயிரிகளைச் சூரை பிடித்த அதே பகுதியில், முடிந்தால் பல மாதங்களில் வலைபோட்டு எடுக்க வேண்டும். ஓட்டில் சுண்ணாம்பு இருந்தால் கார்பனுக்கு உரிய பாதியை மட்டும் நீர்த்த அமிலத்தால் கழுவுங்கள். நைட்ரஜனுக்குரிய பாதியில் அமிலம் படக்கூடாது.

அடிமட்டம் கிடைக்கவே இல்லை என்றால்

புரதத்தைக் கட்டியிருக்கும் துண்டுகளான அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறை இருக்கிறது. ஃபினைல்அலனின் உணவுப் படி ஏறும்போது ஏறக்குறைய மாறாமல் வருகிறது, கடலின் அடிமட்டத்தை அப்படியே சுமந்துகொண்டு. குளுட்டாமிக் அமிலம் ஒவ்வொரு படியிலும் தாவிக் கனமாகிறது. ஆக அடிமட்டமும் படியும் ஒரே மீனின் ஒரே துண்டுக்குள். படி = (குளுட்டாமிக் − ஃபினைல்அலனின் − 3.4) ÷ 7.6 + 1. முன்னது 27.4, பின்னது 4.0 என்றால் 3.6. வேட்டை மீன்களில் இந்தச் சூத்திரம் படியைக் குறைத்துக் காட்டுகிற போக்கு உண்டு. செலவும் பல மடங்கு. 60 மீனில் எட்டு அல்லது பத்து மீனை மட்டும் இப்படி அனுப்பி, மற்றவற்றைச் சாதாரண முறையில் அளப்பது மாணவர்களுக்கு எட்டக்கூடிய வழி.

எந்த இரை எத்தனை பங்கு

ஆர் என்ற கணினி மொழியில் சிம்மர், மிக்ஸ்சியார் போன்ற கலவைக் கணக்கு நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரைகளின் டெல்டா அளவுகளையும் சூரையின் அளவுகளையும் கொடுத்தால் பங்குகளைச் சொல்லும். என்ன கொடுத்தாலும் ஏதாவது ஒரு பங்கைச் சொல்லிவிடும் என்பதுதான் ஆபத்து. முதலில் இரைகளைப் படத்தில் புள்ளியாக இட்டு, ஏற்றத்தைக் கூட்டி, சூரைப் புள்ளிகள் அவற்றின் நடுவே விழுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். வெளியே விழுந்தால் ஒரு இரை விடுபட்டிருக்கிறது, அல்லது ஏற்றம் தவறு. அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு ஐசோடோப்பை வைத்து மூன்று நான்கு இரைக்கு மேல் பிரிக்க ஆசைப்படாதீர்கள்.

பழைய மாதிரிகளோடு ஒப்பிடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2000 முதல் 2015 வரை உலகக் கடல்களில் மூன்று சூரை இனங்களின் கார்பன்-13 அளவு 0.8 முதல் 2.5 பர் மில் வரை இறங்கியிருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த கார்பன் கடலில் கரைந்தது ஒரு காரணம். அதனால் மட்டும் இவ்வளவு இறங்காது, பாசிக் கூட்டமே மாறியிருக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடலின் மேற்பரப்பில் நடப்பது சூரையின் சதையில் எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மிச்சப் பொடி

அளவு வந்ததும் பொடியைக் கொட்டாதீர்கள். சந்தேகம் வரும், மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும், ஐந்து வருடம் கழித்து வேறொரு பிள்ளை அதே பொடியில் அமினோ அமிலம் பார்க்க விரும்பலாம். கண்ணாடிக் குப்பியில் இறுக்கி மூடி, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வையுங்கள். இனம், நீளம், பிடித்த இடம், தேதி, சதையா ஈரலா என்று ஒரு சீட்டில் எழுதிக் குப்பிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஒரு மழைக்காலம் தாங்காது.